வாங்காதிருப்பதும் ஒரு நோன்பே
(தவக்காலத்தில் வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



தவக்காலம் தொடங்கியதும் நம் வீடுகளில் எழுகிற கேள்வி ஒன்று உண்டு. இந்த ஆண்டு எதை விடப்போகிறோம்? சிலர் கறியும் மீனும் விடுவார்கள். சிலர் காபியை விடுவார்கள். வெற்றிலை பாக்கை விடுகிற பாட்டிமார் உண்டு. தொலைக்காட்சித் தொடரை விடுகிறவர்களும் இப்போது இருக்கிறார்கள். அப்படி மிச்சமாகும் காசு ஏழைகளுக்கென்று தவக்கால உண்டியலுக்குப் போகிறது. நல்ல வழக்கம் இது.

இன்று இன்னொரு நோன்பைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன். இது உண்ணாதிருக்கும் நோன்பு அன்று, வாங்காதிருக்கும் நோன்பு. சில நாட்களுக்கு மட்டும், பிளாஸ்டிக்கால் ஆன பொருளையோ பிளாஸ்டிக்கில் கட்டித் தரும் பொருளையோ புதிதாக வாங்காமல் வாழ்ந்து பார்ப்பது. ஒரு வாரம் என்றாலும் சரி, நாற்பது நாள் என்றாலும் சரி.

“நாற்பது நாளில் நாடு சுத்தமாகிவிடுமா, சாமி?” என்று நீங்கள் கேட்பது நியாயம். ஆகாது. நாற்பது நாள் நாம் கறி சாப்பிடாததால் உலகத்தின் பசி தீர்ந்துவிடுவதும் இல்லை. நோன்பின் பயன் வேறு இடத்தில் இருக்கிறது. வழக்கமாகச் செய்வதை நிறுத்திப் பார்க்கும்போதுதான் அது நம்மை எவ்வளவு இறுகப் பிடித்திருக்கிறது என்று தெரிகிறது. எதை நாமே விட முடியும், எதைக் கடைக்காரர் துணையோடு விட முடியும், எது நம் கையில் இல்லவே இல்லை என்பதும் தெரிகிறது. இந்த மூன்றையும் பிரித்து அறிவதற்கே இந்த நோன்பு.

முன்பே செய்து பார்த்தவர்கள்

2011ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ரெபெக்கா பிரின்ஸ்-ரூயிஸ் என்ற பெண், குப்பையைப் பிரித்தெடுக்கும் நிலையம் ஒன்றைப் பார்க்கப் போனார். அங்கே குவிந்து கிடந்ததைப் பார்த்தபோது, பிரித்துப் போடுவதைவிட வாங்காமல் இருப்பதே முதல் வேலை என்று அவருக்குத் தோன்றியது. அடுத்து வந்தது ஜூலை மாதம். அந்த ஒரு மாதம் மட்டும் பிளாஸ்டிக் வாங்குவதில்லை என்று உடன் வேலை செய்தவர்களோடு சேர்ந்து தொடங்கினார். ‘பிளாஸ்டிக் இல்லாத ஜூலை’ இன்று பல நாடுகளில் கடைப்பிடிக்கப்படுகிறது. 2018 தவக்காலத்தில் இங்கிலாந்துத் திருச்சபை, பிளாஸ்டிக்கைக் குறைப்பதையே தவமுயற்சியாக மேற்கொள்ளும்படி தன் மக்களை அழைத்தது. ஒவ்வொரு நாளும் என்ன செய்யலாம் என்று நாட்காட்டி ஒன்றையும் வெளியிட்டது.

நம் தமிழ்நாடே ஒருமுறை இந்தச் சோதனையைச் செய்து பார்த்திருக்கிறது. 2018 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாளன்று அறிவிக்கப்பட்ட தடை, 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கேரி பேக், பிளாஸ்டிக் தட்டு, உறிஞ்சுகுழல், தண்ணீர் பாக்கெட், தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பை உட்பட 14 வகைப் பொருட்கள் தடைசெய்யப்பட்டன. அந்த ஜனவரி மாதத்தை நினைத்துப் பாருங்கள். ஓட்டலுக்குத் தூக்குவாளி கொண்டுபோனோம். கறிக்கடையில் பாத்திரத்தை நீட்டினோம். சில ஊர்களில் தாமரை இலையிலும் பனையோலைப் பெட்டியிலும் கறி கட்டித் தந்தார்கள். மளிகைக்கடையில் காகிதப் பொட்டலமும் நூல்கண்டும் திரும்ப வந்தன. ஊரே சேர்ந்து செய்தபோது யாருக்கும் அது பெரிய பாரமாகத் தெரியவில்லை.

பிறகு மெல்ல மெல்லக் கவர்கள் திரும்பி வந்தன. 2021 டிசம்பர் 23 அன்று தமிழக அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது. 2022 ஜூலை 1 முதல் ஒன்றிய அரசும் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பல பொருட்களை நாடு முழுவதும் தடைசெய்தது. சட்டம் இருக்கிறது. ஆனாலும் ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கினால் கூடவே ஒரு கவரும் வருகிறது. கடைக்காரர் கொடுப்பதால் நாம் வாங்குகிறோம். நாம் எதிர்பார்ப்பதால் அவர் கொடுக்கிறார். யாராவது ஒருவர் முதலில் கையை இழுத்துக்கொள்ள வேண்டும்.

நமக்குக் கீழே இருப்பவர்கள்

நம் கம்பம் பள்ளத்தாக்கில் இது ஏன் மற்ற இடங்களைவிட முக்கியம்? தண்ணீர் போகிற வழியைப் பாருங்கள். 1895இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வந்து லோயர் கேம்ப்பில் இறங்குகிறது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று ஊர் ஊராகக் கடந்து, தேனி அருகே வைகையில் கலக்கிறது. பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்வயல்கள் இந்தத் தண்ணீரால் வாழ்கின்றன. அதற்குப் பிறகு வைகை அணை. அணையிலிருந்து மதுரை மக்களுக்குக் குடிநீர்.

ஆகவே கம்பத்து வாய்க்காலில் விழுகிற கவர் கம்பத்தோடு நிற்பதில்லை. வயலுக்குப் பாயும் மடையை அடைக்கிறது. ஆற்றோரம் மேய்கிற மாட்டின் வயிற்றுக்குள் போகிறது. இரைப்பையை அறுத்துக் கிலோ கணக்கில் பிளாஸ்டிக்கை எடுத்த கால்நடை மருத்துவர்கள் நம் நாட்டில் பலர். மிச்சம் ஆற்றோடு கீழே போகிறது. தமக்கு அடுத்திருப்பவர் யார் என்று இயேசுவிடம் திருச்சட்ட அறிஞர் ஒருவர் கேட்டார். ஆற்றங்கரையில் வாழும் நமக்கு அதற்கு எளிதான பதில் ஒன்று உண்டு. நமக்குக் கீழே அந்தத் தண்ணீரைக் குடிக்கிற ஒவ்வொருவரும் நமக்கு அடுத்திருப்பவரே.

இன்னொன்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். நம்முடையது வாழை விளைகிற பூமி. இலையும் நாரும் மட்டையும் இங்கே நாள்தோறும் வெட்டுப்படுகின்றன. இலை உண்ணத் தட்டாகும்; நார் பூக்கட்ட உதவும்; மட்டை பொட்டலம் கட்ட உதவும்; மிஞ்சியது மாட்டுக்கும் மண்ணுக்கும் போகும். இப்படிப்பட்ட ஊரில், வாழையிலை போலவே பச்சை அச்சடித்து, மேலே பிளாஸ்டிக் பூசிய காகித இலையில் விருந்து பரிமாறுகிறோம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1832இல் பிரெஞ்சு அருள்பணியாளர் ஒருவர் இந்த வகையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். அத்தனை பெருமையுள்ள பழத்தைச் சாலையோரம் விற்கும்போது மெல்லிய கவரில் தொங்கவிட்டுத்தான் கொடுக்கிறோம். பழம் வீடு சேரும் முன்பே கவர் வேலியில் ஒட்டிக்கொண்டு ஆடுகிறது.

பிளாஸ்டிக் ஏன் மறைவதில்லை

பாலித்தீன் 1933இல் இங்கிலாந்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் எதிர்பாராமல் கிடைத்த பொருள். மலிவு, எடை குறைவு, தண்ணீர் ஊறாது, எளிதில் கிழியாது. இந்த நல்ல குணங்களே அதன் கேடும். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் உதிர்ந்த இலையைத் தின்று எருவாக்கிவிடும். பாலித்தீன் அவற்றுக்கு உணவாவதில்லை. வெயிலில் நைந்து துண்டாகும், துண்டு துகளாகும், துகள் கண்ணுக்குத் தெரியாத தூளாகும், ஆனால் இருந்துகொண்டே இருக்கும். இந்தத் தூளைத்தான் நுண்பிளாஸ்டிக் என்கிறார்கள். 2020இல் இத்தாலிய ஆய்வாளர்கள் தாயின் நஞ்சுக்கொடியில் அதைக் கண்டார்கள். 2022இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் மனித ரத்தத்தில் கண்டார்கள்.

1950 முதல் 2015 வரை உலகில் எவ்வளவு பிளாஸ்டிக் செய்யப்பட்டது என்று அமெரிக்க அறிவியலாளர்கள் மூவர் கணக்கிட்டு 2017இல் வெளியிட்டார்கள். மொத்தம் 830 கோடி டன். அதில் 630 கோடி டன் ஏற்கெனவே குப்பையாகிவிட்டது. அந்தக் குப்பையில் மறுசுழற்சி ஆனது நூற்றுக்கு 9 பங்கு. எரிக்கப்பட்டது 12 பங்கு. மீதி 79 பங்கு குப்பைமேட்டிலும் நிலத்திலும் நீரிலும் கிடக்கிறது. “மறுசுழற்சிக்குத்தானே போகிறது” என்று நாம் ஆறுதல் சொல்லிக்கொள்வதற்கு இந்தக் கணக்கு இடம் தருவதில்லை.

நம் மதுரையில், தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் இரா. வாசுதேவன், பிளாஸ்டிக் கழிவைத் துண்டாக்கிச் சூடான ஜல்லியோடு கலந்து தார்ச்சாலை போடும் முறையைக் கண்டுபிடித்தார். அதற்காக 2018இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். நாம் பெருமைப்பட வேண்டிய பணி. ஆனால் யாராவது குனிந்து பொறுக்கிச் சேர்த்துத் தந்த பிளாஸ்டிக்தான் சாலையாகும். வாய்க்காலில் போனது சாலைக்கு வராது.

எரித்துவிட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. பல வீடுகளில் வெந்நீர் அடுப்பு பற்றவைக்க முதலில் போடுவது ஒரு கவரைத்தான். கவர், பழைய குழாய், ரெக்சின், செருப்பு எல்லாம் கலந்து எரியும்போது, அதிலும் பி.வி.சி. இருந்தால், டையாக்சின் போன்ற கொடிய நச்சுப்பொருட்கள் புகையில் வரும். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர் அடுப்பருகே குனிந்து ஊதுகிற தாய். அடுத்தது அவர் இடுப்பில் இருக்கும் பிள்ளை. ஆகவே வேறு எதுவும் முடியாவிட்டாலும், பிளாஸ்டிக்கை எரிப்பதை மட்டும் இன்றே நிறுத்திவிடுங்கள்.

எப்படித் தொடங்குவது?

முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம். வீட்டு மூலையில் ஒரு காலிச் சாக்கை வையுங்கள். அந்த வாரம் வீட்டுக்குள் வந்த ஒவ்வொரு கவரையும் பாட்டிலையும் பாக்கெட்டையும் அதில் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து வந்து, குடும்பமாக உட்கார்ந்து சாக்கைக் கொட்டிப் பாருங்கள். ஆன்ம சோதனை என்று நாம் சொல்வது போல இது ஒரு வீட்டுச் சோதனை. கொட்டியதை மூன்று குவியலாகப் பிரியுங்கள்.

முதல் குவியல், நாமே விடக்கூடியது. கேரி பேக், தண்ணீர் பாட்டில், பார்சல் டீ வந்த கவர், சாம்பாரும் சட்னியும் வந்த கவர், பூ வாங்கிய கவர், கறி வாங்கிய கவர். இவற்றுக்கு வேண்டியவை எல்லாம் பெரும்பாலும் நம் வீட்டிலேயே இருக்கின்றன. ஒரு மஞ்சப்பை, ஒரு தூக்குவாளி, மூடியுள்ள ஒரு பாத்திரம், ஒரு தண்ணீர்ச் செம்பு. பூவை வாழையிலையில் சுற்றித் தரச் சொல்லலாம். வண்டிச் சாவியோடு பையையும் சேர்த்து மாட்டி வைத்தால் மறக்காது. கொதிக்கிற டீயைக் கவரில் ஊற்றி வாங்குவதை மட்டும் தவக்காலம் முடிந்த பிறகும் தொட வேண்டாம். சூடான உணவும் மெல்லிய பிளாஸ்டிக்கும் சேரக் கூடாது.

இரண்டாவது குவியல், கடைக்காரரோடு பேசி விடக்கூடியது. பருப்பு, சர்க்கரை, உப்பு, மிளகாய், எண்ணெய். சில்லறையாக நிறுத்துத் தருகிற மளிகைக்கடையும், பாத்திரத்தில் எண்ணெய் ஊற்றித் தருகிற செக்கும் நம் ஊர்களில் இன்னும் இருக்கின்றன. உழவர் சந்தையில் காய் அனைத்தும் கவர் இல்லாமலே கிடைக்கும். பையை மட்டும் நாம் நீட்ட வேண்டும். “அண்ணாச்சி, நான் டப்பா கொண்டுவந்தால் போட்டுத் தருவீங்களா?” என்று கேட்டுப் பாருங்கள். கவர் வாங்குவது அவருக்கும் செலவுதான். முகம் சுளிக்கிறவர் ஒருவர் இருந்தால், மகிழ்ச்சியோடு தருகிறவர் இருவர் இருப்பார்கள்.

மூன்றாவது குவியலில்தான் நம் கெட்டிக்காரத்தனம் தோற்கும். பால் பாக்கெட், மருந்து, பிஸ்கட், சோப்புத் தூள், ஷாம்பு சாஷே. இவற்றை விட நினைத்தாலும் பலருக்கு வழியில்லை. மருந்தையும் பிள்ளையின் பாலையும் நோன்புக்காக விடக் கூடாது. அதை இறைவன் கேட்கவும் இல்லை. அவற்றை வாங்குங்கள். ஆனால் எண்ணி வையுங்கள். பால் கவரைக் கழுவிக் காயவைத்துச் சேர்த்தால் பழைய பொருள் எடுப்பவர் எடைக்குக் காசு தருவார். சாஷேயை அவர் தொடமாட்டார். ஏன் தெரியுமா? பால் கவர் முழுவதும் பாலித்தீன்; உருக்கி மறுபடியும் பயன்படுத்தலாம். சாஷேயோ வெவ்வேறு வகைப் பொருட்களைப் பல அடுக்காக ஒட்டிச் செய்தது. பிரிக்க முடியாது, அதனால் விலையும் கிடையாது. விலை இல்லாததை யாரும் பொறுக்குவதில்லை.

சாஷே சொல்லும் பாடம்

இந்தச் சாஷேயின் கதை நம் தமிழ்நாட்டுக் கதை. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் என்பவர், பணக்காரர் மட்டுமே வாங்க முடிந்த பொருட்களைக் கூலித்தொழிலாளியும் ரிக்‌ஷா ஓட்டுகிறவரும் வாங்க வேண்டும் என்று நினைத்தார். ஷாம்பைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கும் வழி அவருடையது. அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் தனியே தொழில் தொடங்கி, சிக் ஷாம்பு சாஷேயைப் பட்டிதொட்டி எங்கும் கொண்டுசேர்த்தார். ஐந்து காலிச் சாஷே கொண்டுவந்தால் ஒரு புதுச் சாஷே இலவசம் என்று விற்பனைக்காக ஒரு திட்டமும் வைத்தார். மக்கள் காலிச் சாஷேக்களைத் தேடிப் பொறுக்கிக் கொண்டுவந்தார்கள்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது இரண்டு. ஒன்று, சாஷே பிறந்தது ஏழைகள் மீதான அக்கறையால். அதிகாலையில் தூக்குவாளியோடு ஜீப் ஏறி, குமுளி மலைக்கும் போடிமெட்டுக்கு அப்பாலும் ஏலத்தோட்ட வேலைக்குப் போய் இருட்டிய பின் திரும்பும் நம் சகோதரிகளை எண்ணிப் பாருங்கள். அன்றைய கூலியில் அன்றைக்கு வேண்டியதை வாங்குகிறவர்கள் அவர்கள். பெரிய பாட்டில் வாங்கக் கையில் காசு சேர்ந்து இருப்பதில்லை. அவர்கள் சாஷே வாங்குவதைப் பார்த்து, “பூமியைக் கெடுக்கிறாயே” என்று வசதியுள்ளவர் சொன்னால், அது நோன்பு அன்று, பரிசேயத்தனம். ஒடுக்கப்பட்டவரின் நுகத்தை உடைப்பதும் பசித்தவரோடு உணவைப் பகிர்வதுமே இறைவன் விரும்பும் நோன்பு என்று எசாயா இறைவாக்கினர் கற்பித்தார். பிறர் தோளில் பாரம் ஏற்றும் எந்த நோன்பும் அந்தச் சோதனையில் தேறாது.

இரண்டாவது, காலிக்கு ஒரு மதிப்பு இருந்தால் அது தெருவில் கிடக்காது. விற்பனைக்காக ஒரு நிறுவனம் காலிச் சாஷேக்களைத் திரும்பப் பெற முடிந்தது என்றால், பூமிக்காகவும் நிறுவனங்களால் அது முடியும். 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், பொருளை அடைத்து விற்கும் நிறுவனமே அந்தக் கழிவுக்கும் பொறுப்பு என்று சொல்கின்றன. 2022இல் அதற்கு இன்னும் தெளிவான வழிமுறைகள் வகுக்கப்பட்டன. ஆகவே கேள்வி கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது. நம் ஊரில் சேரும் இந்தச் சாஷேக்களை யார் எடுக்கப்போகிறார்கள், எங்கே கொண்டுபோகிறார்கள் என்று அங்கே எழுந்து கேளுங்கள். மூன்றாவது குவியலை எண்ணி வைக்கச் சொன்னது இதற்காகத்தான். கையில் கணக்கோடு கேட்பவரின் குரலுக்கு எடை அதிகம்.

கவனமாக இருக்க வேண்டிய சில

பிளாஸ்டிக்கை விடப்போகிறேன் என்று சொல்லிப் புதிதாகப் பத்துப் பொருள் வாங்கும் ஆபத்து இதில் உண்டு. பிரிட்டன் அரசின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் ஒரு கணக்கு வெளியிட்டது. பருத்திப் பை ஒன்றைச் செய்ய ஆகும் எரிபொருளையும் பிற செலவுகளையும் பார்த்தால், புவி வெப்பமாதலைப் பொறுத்தவரை அதை 131 முறையாவது பயன்படுத்தினால்தான் அது ஒரு மெல்லிய கவரை வெல்லும் என்றது. இதற்கு அர்த்தம் பருத்திப் பை வேண்டாம் என்பது அன்று. புதிது புதிதாக வாங்கி அடுக்காமல், கல்யாண வீட்டில் கிடைத்த மஞ்சப்பையைக் கிழியும்வரை தூக்க வேண்டும் என்பதே. பழைய வேட்டியிலும் சேலையிலும் தைத்தால் இன்னும் நல்லது.

வீட்டிலுள்ள பிளாஸ்டிக் குடத்தையும் வாளியையும் தூக்கி எறிய வேண்டாம். பித்தளைக் குடத்தின் பாரத்திலிருந்து நம் தாய்மாரின் இடுப்பைக் காப்பாற்றியது பிளாஸ்டிக் குடம். தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாய் தண்ணீரைச் சேமிக்கிறது. மருத்துவமனை ஊசியும் குளுக்கோஸ் பையும் உயிரைக் காக்கின்றன. பல ஆண்டு உழைக்கிற பொருளோடு நமக்குச் சண்டை இல்லை. ஐந்து நிமிடம் பயன்பட்டு, நம் பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் கிடக்கிற பொருளோடுதான் சண்டை.

துணிப்பை போல் தெரிவதெல்லாம் துணி அன்று. கடைகளில் பல நிறத்தில் தரும் நெய்யப்படாத பை, பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்தான். நூல் ஓடியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். காகிதக் கோப்பையின் உட்புறத்திலும் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. ஆகவேதான் 2019 தடையில் இரண்டும் சேர்ந்தன.

இன்னும் ஒன்றை ஆண்களுக்குச் சொல்ல வேண்டும். பை தைப்பது, பாத்திரம் எடுத்துப் போவது, கழுவுவது, பால் கவரைக் காயவைப்பது என்று இந்த நோன்பின் வேலை முழுவதும் வீட்டுப் பெண்கள் தலையில் விழுந்தால், அது அப்பாவின் நோன்பு ஆகாது. கறிக்கடைக்குத் தூக்குவாளியை ஆண்களே தூக்கிப் போகட்டும். திரும்பி வந்து அதைக் கழுவியும் வைக்கட்டும்.

நம் ஆலய முற்றத்திலிருந்து

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடலில், பிளாஸ்டிக்கைத் தவிர்ப்பது போன்ற சிறு செயல்களை அன்பின் செயல்களாகவே காட்டுகிறார். தூக்கி எறியும் பண்பாடு பொருளோடு நிற்பதில்லை, மனிதரையும் தூக்கி எறிகிறது என்றும் எச்சரிக்கிறார். நாம் எறிவதை வெறுங்கையால் பிரிக்கிற தூய்மைப் பணியாளரை ஒரு நிமிடம் எண்ணினால் அது விளங்கும்.

ஆகவே வீட்டில் தொடங்கும் இந்த நோன்பு ஆலயத்துக்கும் வரட்டும். திருவிழா அசனத்தில் என்ன இலை போடுகிறோம்? கொடியேற்றத்துக்கு எந்தத் தோரணம் கட்டுகிறோம்? தேர்பவனி முடிந்த மறுநாள் காலையில் தெருவில் என்ன கிடக்கிறது? கிறிஸ்துமஸ் குடிலுக்குத் தெர்மாகோல் இல்லாமல் வைக்கோலும் மூங்கிலும் போதாதா? பெத்லகேமில் அவை போதுமானவையாக இருந்தன. ஒவ்வோர் அன்பியமும் ஐம்பது எவர்சில்வர் தட்டும் டம்ளரும் பொதுவில் வைத்துக்கொண்டால், அந்தத் தெருவின் காதுகுத்துக்கும் கருமாதிக்கும் பிளாஸ்டிக் தட்டு தேவைப்படாது. சாதி மதம் பாராமல் அவற்றை எல்லாருக்கும் கொடுங்கள். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் நம் கம்பம் சாலை வழியாகவே குமுளிக்குப் போகிறார்கள். சாலையோரப் பங்கு ஒன்று அவர்களுக்காக ஒரு தண்ணீர்ப் பந்தல் வைத்து, கொண்டுவந்த பாட்டிலிலேயே மறுபடியும் நிரப்பிக் கொடுத்தால், காட்டுக்குள் எறியப்படும் பாட்டில்கள் குறையும். அண்ணன் தம்பி உறவும் வளரும்.

அன்பார்ந்தவர்களே, உலக நாடுகள் கூடி பிளாஸ்டிக் பற்றி ஓர் உடன்படிக்கை செய்ய 2022 முதல் பேசிவருகின்றன. 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் நடந்த பேச்சும் உடன்பாடு இல்லாமல் முடிந்தது. பெரியவர்கள் முடிவு செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. நாம் செய்வதாலேயே அவர்கள் கடமை தீர்ந்துவிட்டது என்று விட்டுவிடவும் வேண்டியதில்லை. முதல் குவியலை நாம் விடுவோம். இரண்டாவதைப் பற்றிக் கடைக்காரரிடம் பேசுவோம். மூன்றாவதைப் பற்றி ஊரிலும் அரசிடமும் கேட்போம்.

ஐந்து அப்பங்களால் அத்தனை பேருக்கு உணவளித்த பிறகு, ஆண்டவர் சீடர்களை உடனே படகேறச் சொல்லவில்லை. சிதறிக் கிடந்ததைச் சேர்க்கச் சொன்னார். பன்னிரண்டு கூடைகள் நிரம்பின. அத்தனை பேர் உண்டெழுந்த புல்வெளியில் எதுவும் வீணாகவில்லை. வல்லமையுள்ள அவரே மிச்சத்தைப் பற்றிக் கவலைப்பட்டார் என்றால், நாமும் கவலைப்படுவது தகும்.

இந்த வாரமே ஒரு சாக்கை மூலையில் வையுங்கள். படைப்பைப் பேணிக் காக்க மனிதரிடம் ஒப்படைத்த இறைவன், நம் வீடுகளையும் வயல்களையும் நமக்குக் கீழே தண்ணீர் குடிக்கும் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.